தோட்டத்து வீடு குழு: அப்பத்தா காளான் கேட்கிறார்

பெரியப்பா: நேற்று இடித்த இடிக்கு வடக்கு வரப்புப் புற்றில் காளான் பூத்திருக்கிறது. ஒரு கூடை தேறும். அம்மா குழம்பு வைக்கச் சொல்கிறார். சளி இன்னும் விடவில்லை. கொடுக்கலாமா?

கோபி அத்தை: வேண்டாம் அண்ணா. முந்தாநாள்தான் காய்ச்சல் நின்றது

கார்த்தி: எனக்கு ஒரு பங்கு 🙋

பவானி சித்தப்பா: பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில், சூத்திர ஸ்தானம் என்ற பகுதியின் 27ஆம் அத்தியாயத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. சர்ப்பச்சத்ரகம், அதாவது பாம்புக்குடை, அதை விலக்க வேண்டும். மற்றக் காளான்கள் இனிப்பு, குளிர்ச்சி, செரிக்கக் கனம், பீனசம் உண்டாக்கும். பீனசம் என்பது அம்மாவுக்கு இப்போது மூக்கில் கொட்டுகிறதே, அதுதான். இன்னோர் ஆயுர்வேத ஆசிரியரான சுசுருதர் காளான் முளைத்த இடத்தைப் பார்ப்பார். வைக்கோலில் வந்தது வாதம், பித்தம், கபம் என்ற தோஷங்களைத் தணிக்கும். சாணத்தில் வந்தது சூடு, வாயு. மண்ணில் வந்தது கனம், அந்த மண்ணின் ருசி அதற்கும் வரும்.

செல்வி: சித்தப்பா, உண்டா இல்லையா?

பவானி சித்தப்பா: அம்மாவுக்கு இல்லை. மற்றவர்கள் சாப்பிடலாம்.

கோபி அத்தை: வடக்கு வரப்பு யார் பங்கில் வருகிறது?

பெரியப்பா: வரப்பு பொது

கோபி அத்தை: அப்படியா

பெரியம்மா: பாம்புக்குடை எப்படி இருக்கும்? பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை மரத்தடியில் வெள்ளையாக வந்ததையும் பறித்துக் கொடுத்தது. வெங்காயம் போட்டு வேகவைத்தேன், கறுக்கவில்லை

செல்வி: பெரியம்மா, அதைத் தொடாதீங்க!! வெங்காயமும் வெள்ளிக் கரண்டியும் விஷத்தைக் காட்டாது. வேகவைத்தாலும் போகாது. கொடிய வகையாக இருந்தால் 6 மணி நேரம், 12 மணி நேரம் கழித்துத்தான் வாந்தி வரும். பிறகு தெளிந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள்.

பெரியம்மா: கோழிக்குப் போடட்டுமா?

செல்வி: வேண்டாம். குழி தோண்டி மூடுங்க. அந்தப் பிள்ளை வீட்டில் சமைத்தார்களா, உடனே கேளுங்க

பெரியம்மா: போகிறேன்

கார்த்தி: புற்றுக்காளான் தனியாகத்தானே இருக்கிறது?

பெரியப்பா: அது என் கையால் பறித்தது. வருஷா வருஷம் அதே புற்று. மதியத்துக்குள் சமைக்காவிட்டால் புழு வைத்துவிடும்

பெரியப்பா: அம்மா சொல்கிறார், "மிளகு நாலு தட்டிப் போட்டால் சளி என்ன செய்யும்?"

பவானி சித்தப்பா: மிளகு சூடுதான்... சாறு மட்டும் இரண்டு கரண்டி என்றால்

கோபி அத்தை: சின்ன அண்ணா!!

பெரியம்மா: கேட்டுவிட்டேன். அவர்கள் இன்னும் அடுப்பில் வைக்கவில்லை, கொட்டிவிட்டார்கள்

செல்வி: 🙏🙏

கார்த்தி: நான் பஸ் ஏறிவிட்டேன்

கோபி அத்தை: அம்மாவுக்கு என்ன முடிவு?

பெரியப்பா: மிளகு அரைத்துக்கொண்டிருக்கிறார்