ஹெர்மன் காட்டிய ராஃப், அப்புறம் வந்த மற்றவர்கள்

யோவாகிம் ராஃப் என்ற, இன்று மறந்துபோன பத்தொன்பதாம் நூற்றாண்டு இசையமைப்பாளரின் பெயரை எனக்கு அறிமுகப்படுத்தியவர் பெர்னார்ட் ஹெர்மன். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தின் குளியலறைக் காட்சியில் கத்தி இறங்கும்போது வயலின்கள் கிறீச்சிடுமே, அந்த இசையை எழுதியவர். பின்னணி இசையில் பைத்தியமாக இருப்பவர்கள் எப்போதாவது அவரிடம் வந்து சேர்வார்கள். நானும் அப்படித்தான் சேர்ந்தேன். அவருடைய படங்களைக் கேட்டு முடித்த பிறகு, அவர் வேறு யாருடைய இசையையெல்லாம் நடத்திப் பதிவு செய்திருக்கிறார் என்று தேடினேன். அப்போது கிடைத்தது ராஃபின் ஐந்தாவது சிம்பொனியான 'லெனோர்'. லண்டன் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை வைத்து ஹெர்மன் 1970-ல் எடுத்த பதிவு.

அதன் கதை ஜெர்மன் கவிஞர் பியூர்கர் எழுதிய ஒரு பேய்ப்பாட்டு. போருக்குப் போன காதலன் திரும்பவில்லை. லெனோர் கடவுளையே ஏசுகிறாள். நள்ளிரவில் குதிரையில் ஒருவன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு பறக்கிறான். விடியும் முன் இருவரும் சேரும் இடம் இடுகாடு. குதிரையில் வந்தவன் எலும்புக்கூடு. ராஃப் முதல் இரண்டு பகுதிகளையும் அவர்கள் காதலுக்கே கொடுத்துவிட்டார். மூன்றாவதில் ஒரு படை அணிவகுத்து வருகிறது. முதலில் தூரத்தில் கேட்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குகிறது, நம்மைக் கடந்து போகிறது. நடுவில் வயலின்களும் செல்லோக்களும் மாறி மாறிப் பேசிக்கொள்வது அந்த இருவரும் விடைபெறும் இடம். பிறகு அதே அணிவகுப்பு மறுபடி தொடங்கித் தேய்ந்து தேய்ந்து அடங்குகிறது. ஒலியை ஏற்றி இறக்கியே ஒரு காட்சியைக் கட்டிவிடுகிறார். ஒரு சினிமா இசையமைப்பாளர் இந்தச் சிம்பொனியில் ஏன் விழுந்தார் என்பது அந்தப் பகுதியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

இவ்வளவு எழுதத் தெரிந்த ஒருவரை எப்படி மறந்தார்கள்? அதைத் தேடித்தான் ராஃபின் வாழ்க்கையைப் படித்தேன். 1822-ல் ஸ்விட்சர்லாந்தின் லாஹன் ஊரில் பிறந்தவர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். 1845-ல் பியானோ மேதை லிஸ்ட் வாசிப்பதைக் கேட்கக் கொட்டும் மழையில் பாசல் நகருக்கு நடந்தே போனார். நனைந்து வந்து நின்றவரை லிஸ்ட் மேடையிலேயே உட்கார வைத்ததாகச் சொல்வார்கள். பின்னாளில் வைமரில் லிஸ்டுக்கு உதவியாளராக இருந்தார். பதினொரு சிம்பொனிகள் எழுதினார். 1870-களில் ஜெர்மனியில் அதிகம் வாசிக்கப்பட்ட சிம்பொனிக்காரர்களில் அவரும் ஒருவர். 1878-ல் பிராங்க்பர்ட்டில் தொடங்கிய ஹோக் இசைக் கல்லூரிக்கு முதல் இயக்குநராகி, கிளாரா ஷூமனை அங்கே பியானோ கற்பிக்க அழைத்தவரும் அவரே. 1882-ல் இறந்தார். அதன் பிறகு மிஞ்சியது பெரும்பாலும் ஒரு சின்ன வயலின் துண்டு மட்டும்தான்.

பிழைப்புக்காக ஏராளமாக எழுதினார், தரம் ஏறி இறங்கியது என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். அது உண்மைதான். ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. அந்தக் காலத்து ஜெர்மன் இசையுலகம் புதுமையை நாடிய லிஸ்ட்-வாக்னர் அணி, பழைய வடிவங்களைப் பேணிய பிராம்ஸ் அணி என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ராஃப் இரண்டிலும் முழுதாகச் சேரவில்லை. அவர் போன பின்பு அவருக்காகக் குரல் கொடுக்க ஒரு அணி இல்லாமல் போயிற்று.

ஹெர்மனின் பதிவு நிதானமானது, கனமானது. பல வருஷம் எனக்கு 'லெனோர்' என்றால் அந்த வேகம்தான். அப்புறம் நீமே யார்வி சுவிஸ் ரோமாண்ட் ஆர்கெஸ்ட்ராவுடன் எடுத்த பதிவைக் கேட்டேன். விறுவிறுவென்று ஓடுகிறது. கடைசிப் பகுதியில் குதிரை உண்மையாகவே பிய்த்துக்கொண்டு போகிறது. அதே சமயம், முதல் பகுதிகளின் கனிவு கொஞ்சம் கைநழுவுகிறது. இரண்டையும் கேட்ட பிறகுதான் ஹெர்மன் எங்கே முடிகிறார், ராஃப் எங்கே தொடங்குகிறார் என்பதே பிடிபட்டது. பீத்தோவனின் ஐந்தாவதுக்கு நூற்றுக்கணக்கில் பதிவுகள் உண்டு. ஒன்று பிடிக்காவிட்டால் வேறொன்றுக்குப் போகலாம். ராஃப் போல மறக்கப்பட்டவர்களுக்கு அநேகமாக ஒன்றோ இரண்டோதான். ஒத்திகைக்கு நேரம் கிடைக்காத ஒரு ஆர்கெஸ்ட்ரா சுமாராக வாசித்துவிட்டால் அந்தப் பழி நேராக இசையமைப்பாளர் தலையில் விழுகிறது. 'மறக்கப்பட்டதில் ஆச்சரியமில்லை' என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் வருவது இதனால்தான்.

ஹான்ஸ் ரோட் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. பிரம்மாண்டமான சிம்பொனிகளுக்குப் பேர்போன மாலரைக் கேட்கிறவர்கள் கட்டாயம் இவரையும் கேட்க வேண்டும். வியன்னாவில் மாலரோடு படித்தவர், புரூக்னரிடம் ஆர்கன் கற்றவர். தன் ஒரே முழுச் சிம்பொனியை 1880-ல் முடித்துப் பிராம்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினார். பிராம்ஸ் கடுமையாக நிராகரித்துவிட்டார். அந்த அக்டோபரில் அல்சாஸ் பக்கம் ஒரு வேலையில் சேர ரயிலில் போனபோது, பக்கத்தில் சுருட்டுப் பற்றவைத்தவரை ரோட் துப்பாக்கி காட்டித் தடுத்தார். ரயில் முழுக்கப் பிராம்ஸ் வெடிமருந்து நிரப்பி வைத்திருக்கிறார் என்றாராம். மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1884-ல் காசநோயில் இறந்தபோது வயது 25.

சிம்பொனியின் கையெழுத்துப் பிரதி வியன்னாவில் தேசிய நூலகத்தில் கிடந்தது. முதன்முதலாக அது மேடையேறியது 1989 மார்ச்சில், அமெரிக்காவின் சின்சினாட்டியில். வாசித்தவர்கள் இசைக் கல்லூரி மாணவர்கள், நடத்தியவர் கெர்ஹார்ட் சாமுவேல். அதே அணியை வைத்து ஹைபீரியன் கம்பெனி முதல் பதிவை வெளியிட்டது. மூன்றாவது பகுதி தொடங்கியதும் 'இது மாலர்தானே' என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் மாலரின் முதல் சிம்பொனி அரங்கேறியது 1889-ல். ரோட் எழுதி முடித்து ஒன்பது வருஷம் கழித்து.

குறையும் உண்டு. டிரையாங்கிள் என்ற முக்கோண உலோக வாத்தியம் ஓயாமல் கிணுகிணுத்துக்கொண்டே இருக்கிறது. கடைசிப் பகுதி நீளம். மாணவர்கள் வாசித்ததில் இந்தக் குறைகள் துருத்திக்கொண்டு நின்றன. யாகுப் ஹ்ரூஷா பாம்பெர்க் சிம்பொனியுடன் செய்த பதிவில் அதே டிரையாங்கிள் மற்ற வாத்தியங்களோடு கலந்து ஒரு மினுமினுப்பாக மாறிவிடுகிறது. ஸ்கோர், அதாவது எழுதிவைத்த இசைக்குறிப்பு, மாறவில்லை. வாசித்தவர்கள் அதோடு வாழ்ந்து பார்த்திருக்கிறார்கள். இருந்தாலும் அந்த மாணவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவர்கள் வாசிக்கும்வரை அந்தச் சிம்பொனியை முழுதாக ஒருவரும் கேட்டதே இல்லை.

லூயீஸ் ஃபராங்க் பற்றியும் கொஞ்சம். பாரிஸ் கன்சர்வேட்டரியில் 1842-லிருந்து முப்பது வருஷம் பியானோ பேராசிரியை. ஒன்பது வாத்தியங்களுக்கு அவர் எழுதிய 'நோனெட்' 1850-ல் அரங்கேறியபோது வயலின் வாசித்தவர் இளைஞர் யோசெஃப் யோவாகிம். அந்த வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு ஆண் பேராசிரியர்களுக்குச் சமமான சம்பளம் கேட்டார், வாங்கியும் காட்டினார். அவருடைய மூன்று சிம்பொனிகளும் அவர் காலத்தில் அச்சேறவில்லை. அச்சில் இல்லாததை எந்த ஊர் ஆர்கெஸ்ட்ரா எடுத்து வாசிக்கும்? மூன்றாவது சிம்பொனியை லாரன்ஸ் எக்கில்பே தன் இன்சுலா ஆர்கெஸ்ட்ராவுடன் அந்தக் காலத்து வாத்தியங்களில் வாசித்த பதிவில் கேளுங்கள். காற்று வாத்தியங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி நிறத்தோடு கேட்கும்.

இப்போது கேட்டுக்கொண்டிருப்பது எமிலி மாயர். எட்டு சிம்பொனிகள் எழுதிய ஜெர்மன் பெண்மணி. சிபிஓ போன்ற இசைப்பதிவுக் கம்பெனிகளின் வழியாக ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்துகொண்டிருக்கிறார். நாலாவது சிம்பொனிக்கு ஆர்கெஸ்ட்ரா ஸ்கோர் மிஞ்சவில்லை. ஒரே பியானோவில் இருவர் உட்கார்ந்து வாசிக்க அச்சான வடிவம்தான் இருந்தது. அதிலிருந்து மறுபடியும் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிப் பதிவு செய்திருக்கிறார்கள். அதைத்தான் அடுத்து எடுக்கப் போகிறேன்.