பௌதிகவியல் கற்பித்தலை ஆராயும் பதவி: விண்ணப்பிக்கலாமா?

கேள்வி (வெள்ளவத்தை):
திண்மநிலைப் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் முடித்து, கொழும்பில் தற்காலிக விரிவுரையாளராக இருக்கிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்று, முதலாம் ஆண்டுப் பௌதிகவியல் கற்பிக்கப்படும் முறையை மேம்படுத்துவதற்கு இரண்டு வருட ஆய்வாளர் பதவியொன்றுக்கு விண்ணப்பம் கோரியுள்ளது. ஆய்வுகூடத்தை விட்டுச் சென்றால் திரும்ப முடியாமற் போகுமோ என்று தயங்குகிறேன்.

மறுமொழி (தெஹிவளை):
இதைப் பௌதிகவியலை விட்டு விலகுவதாகக் கருத வேண்டாம். 2001 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமனே பின்னர் கற்பித்தலை ஆராயும் இத்துறையில் இறங்கினார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் பெறுபேறுகளைத் தொகுத்து 1998 இல் அமெரிக்கப் பௌதிகவியலாளர் ரிச்சர்ட் ஹேக் வெளியிட்ட ஆய்வு, விரிவுரையைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர்களைவிட, வகுப்பில் விவாதித்துக் கற்றவர்கள் இயக்கவியலில் கூடுதலாக முன்னேறியதைக் காட்டியது. உங்கள் வேலையும் பெரும்பாலும் அத்தகையதே: பாடத்துக்கு முன்னும் பின்னும் ஒரே வினாத்தாளைக் கொடுத்து, வேறுபாட்டை அளந்து, விரிவுரையாளரோடு அமர்ந்து பாடத்தைத் திருத்துவது. (கடைசிப் பகுதிதான் கடினம், மூத்தவர்கள் இலகுவில் இணங்கமாட்டார்கள்.)

மறுமொழி (கொட்டாஞ்சேனை):
மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும் கணத்தில் அதன் ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்) என்ன என்று என் வகுப்பில் கேட்டேன். உயர்தரத்தில் ‘ஏ’ சித்தி பெற்றவர்களிலும் பலர் பூச்சியம் என்றே எழுதினார்கள், கீழ்நோக்கி 9.8 m/s² என்று சரியாக எழுதியவர்கள் சிலரே. தமிழில் ‘ஆர்முடுகல்’ என்று படித்துவிட்டு இங்கே ஆங்கிலத்தில் கற்பவர்களின் சிக்கல் வேறு. இத்தகைய அனுபவத்தை விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

கேட்டவர்:
நன்றி. அந்தப் பந்துக் கேள்வியை நாளையே என் மாணவர்களிடமும் கேட்கிறேன்.