நாலு தாராக் குஞ்சு, மணல் வளவு, குளம் இல்லை: எப்படிப் பராமரிப்பது?

உப்புவெளி வளவு:
எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவு முழுக்க மணல், ஒரு கிணறு, ஐந்தாறு வாழை. நாலு தாராக் குஞ்சுகள் (வாத்துக் குஞ்சுகள்) இருக்கின்றன, ஏறத்தாழ இரண்டு கிழமை வயது. காக்கி கம்பல் என்ற முட்டைத் தாரா இனத்தின் கலப்பு என்று சொல்லித்தான் தந்தார்கள். முட்டைக்கும் பிள்ளைகளின் ஆசைக்கும்தான், விற்பனைக்கு இல்லை. இப்போது கடதாசிப் பெட்டியில் பழைய பேப்பர் விரித்து, இரவில் ஒரு பல்ப் போட்டு வைத்திருக்கிறோம். தீன் கடையில் வாங்கும் கோழிக்குஞ்சுத் தீன்.

நாலில் ஒன்று நடக்கப் பஞ்சிப்படுகிறது. இரண்டு எட்டு வைத்துவிட்டு முழங்காலில் குந்திவிடுகிறது, ஆனால் நன்றாகத் தின்கிறது. இது என்ன? அடுத்தது, சீமெந்தில் குளம் கட்டத்தான் வேண்டுமா? மூன்று பேட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் இருக்கிற கூட்டிலேயே இவற்றையும் விடலாமா? சந்தையில் மீன் தலை, குடல் சும்மாவே கிடைக்கிறது, கொடுக்கலாமா?

வாடைக்காற்று:
முதலில் காலைப் பாருங்கள். மற்றக் கேள்விகள் இரண்டு நாள் பொறுக்கும், இது பொறுக்காது.

நன்றாகத் தின்றுகொண்டே முழங்காலில் குந்துகிற குஞ்சுக்குப் பெரும்பாலும் நியாசின் குறைபாடு, அதாவது வைட்டமின் பி3. தாராக் குஞ்சுக்கு ஒரு கிலோ தீனில் 55 மில்லிகிராம் அளவில் நியாசின் வேண்டும். கோழிக்குஞ்சுக்கு அதைவிட நன்றாகக் குறைவாகவே போதும், கோழித்தீனும் அந்தக் கணக்கில்தான் கலக்கப்படுகிறது. தாரா கோழியை விட வேகமாக உடம்பு வைக்கும். எலும்பும் மூட்டும் அந்தப் பாரத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் கால் வளைந்துவிடும், முழங்கால் மூட்டு வீங்கும். இப்போதே கொடுத்தால் நிமிரும். ஒரு மாதம் விட்டால் வளைந்தது வளைந்ததுதான்.

மருந்துக்கடையில் நியாசின் அல்லது நிக்கோட்டினமைட் என்று எழுதிய குளிசை கேளுங்கள். மெதுவாகக் கரையும் வகை வேண்டாம். நாலு லீற்றர் தண்ணீருக்கு 100 முதல் 150 மில்லிகிராம் வரும்படி தூளாக்கிக் கரைத்து, குடிக்க அந்தத் தண்ணீர் மட்டும் வையுங்கள். ஒவ்வொரு நாளும் புதிதாகக் கரைக்க வேண்டும். புரூவர்ஸ் ஈஸ்ட் தூள் கிடைத்தால் இன்னும் சுகம்: ஒரு கப் தீனுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி, தீனைச் சற்று ஈரமாக்கிப் பிசைந்தால் தூள் அடியில் தங்காது. பாண் போடுகிற ஈஸ்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள், அது உயிருள்ளது, குடலுக்குள் நொதிக்கும். நாலு குஞ்சுக்கும் கொடுங்கள், எட்டுப் பத்துக் கிழமை வரைக்கும் நிறுத்த வேண்டாம். நொண்டும் குஞ்சில் சில நாளிலேயே மாற்றம் தெரியும். ஒரு கிழமைக்குள் தெரியாவிட்டால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

இன்னொரு காரணமும் உங்கள் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. பேப்பரை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஈரப் பேப்பரில் கால் வழுக்கி இரண்டு பக்கமும் அகன்று போகும். குந்துவதற்குப் பதிலாகக் கால்கள் பக்கவாட்டில் விரிந்து கிடந்தால் அது இந்த வழுக்கல்தான். அப்படியானால் மெல்லிய துணிப் பிளாஸ்டரால் இரண்டு காலையும் ஓரங்குல இடைவெளி விட்டுத் தளர்வாக இணைத்து, மூன்று நாலு நாள் விடலாம். கட்டிய நிலையில் தண்ணீருக்குள் விடக்கூடாது. பெட்டிக்கு உமி இரண்டு அங்குலம் போடுங்கள். தம்பலகாமப் பக்க அரிசி ஆலைகளில் மூட்டையாகவே எடுக்கலாம். மிக நைசான மரத்தூள் வேண்டாம், தீன் என்று நினைத்து விழுங்கும்.

பல்ப் பற்றி: முதல் கிழமை 32 பாகை, பிறகு கிழமைக்கு மூன்று பாகை குறைத்துக்கொண்டு வருவது பொதுக் கணக்கு. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் நம்முடைய பகலே அதைத் தாண்டிவிடும். அப்போது பகலில் பல்ப் போட்டால் வேகவைப்பது போலாகும். குஞ்சுகளைப் பார்த்து முடிவெடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிந்தால் குளிர், சொண்டைத் திறந்துகொண்டு மூலையில் ஒதுங்கினால் சூடு. எல்.ஈ.டி. பல்ப்பில் வெளிச்சம் வரும், சூடு வராது, பழைய இழை பல்ப்தான் வேண்டும். கரண்ட் நின்றால் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள்.

தம்பலகாமம் வயல்:
சீமெந்துக் குளம் கட்டாதீர்கள். தாரா உயிர்வாழ நீந்தத் தேவையில்லை. மூக்குத் துவாரமும் கண்ணும் மூழ்கும் ஆழத்துக்குத் தண்ணீர் கட்டாயம் தேவை. தலையை முழுதாக முக்க முடியாவிட்டால் கண்ணில் பீளை கட்டும், மூக்கில் தீன் காய்ந்து அடைக்கும். வளர்ந்த தாராவுக்குக் குடிக்கும் பாத்திரம் ஐந்தாறு அங்குல ஆழம் இருந்தால் போதும். தீனுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் மாத்தீன் தின்றால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

இப்போதைய குஞ்சுகளுக்கு ஒன்றரை அங்குலம் போதும், நடுவில் நாலைந்து கூழாங்கல் போடுங்கள். தாய்த்தாரா இல்லாத குஞ்சின் உடம்பில் எண்ணெய்ப் பூச்சு சரியாக இராது, நனைந்தால் ஊறிக் கனத்து, குளிரில் விறைத்து, அமிழ்ந்துபோகும். பிள்ளைகள் ஆசைப்பட்டால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிடம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, பிறகு துவாயால் ஒற்றி வெயிலில் விடுங்கள். வயிற்றுப் பக்கம் இறகு மூடிய பிறகு, ஐந்தாறு கிழமையில், தாராளமாக விடலாம்.

பெட்டி எந்நேரமும் சேறாகிறது என்று அடுத்து வந்து கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்கிறேன். அகலமான பிளாஸ்டிக் பேசினின் வாய்க்கு அளவாக அரை அங்குல வெல்ட் வலை வெட்டிப் போடுங்கள், வெட்டிய கம்பி முனைகளைக் கீழே மடித்துவிட வேண்டும். அதன்மேல் தண்ணீர்ப் பாத்திரம். சிந்துவதெல்லாம் பேசினுக்குள் போகும், உமி காய்ந்தபடி இருக்கும். ஈர உமியில் பூஞ்சணம் பிடித்தால் அது நுரையீரலுக்குள் போய்க் குஞ்சு மூச்சுத் திணறும். அதற்கு மருந்து தேடுவதை விட உமியை மாற்றுவது சுகம்.

பெரிதான பிறகு 100 லீற்றர் பிளாஸ்டிக் தொட்டி, அல்லது நெடுக்காக அறுத்த பீப்பாய். ஓர் அடி ஆழம் போதும். அடியில் ஒன்றரை அங்குலத் துவாரம் போட்டு வால்வு பூட்டி, நாலு சீமெந்துக் கல்லின் மேல் ஏற்றி, குழாயை வாழைக்கு விடுங்கள். ஒரு அங்குலத்துக்குக் குறைந்த குழாய் இறகாலும் சேற்றாலும் அடைத்துப்போகும். ஏறி இறங்க ஒரு பலகை, மேலே சாக்குத் துண்டு ஆணியடிக்காமல் கயிற்றால் கட்டியது. நாலு தாரா அந்தத் தண்ணீரை ஒரே நாளில் பச்சையாக்கிவிடும், ஆகவே தினமும் திறந்துவிட வேண்டும். அப்படித் திறந்தால் நுளம்புக் குடம்பிக்கும் இடமில்லை. 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவிய பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள், தேங்கிய தண்ணீர் வைக்கிற வீடாக நம்முடைய வீடு இருக்கக்கூடாது.

கிணற்றுக்கும் தொட்டிக்கும் குறைந்தது ஐம்பது அடி இடைவெளி விடுங்கள். மணலில் கழிவு நிற்காது, நேரே நிலத்தடி நீருக்குப் போகும். உங்கள் பக்கம் சில கிணறுகளில் கோடையில் உவர் ஏறும். தண்ணீர் நாக்கில் கரித்தால் குஞ்சுக்குக் கொடுக்காதீர்கள், உப்பு அவற்றைச் சீக்கிரம் தாக்கும்.

உப்புவெளி வளவு:
மிக்க நன்றி. பேப்பரை எடுத்து உமி போட்டாயிற்று. கால்கள் அகலவில்லை, இரண்டும் உள்ளே வளைந்த மாதிரி, முழங்கால் சற்றுத் தடிப்பு. நியாசின் வாங்கக் கடைக்குப் போகிறேன். கூட்டைப் பற்றியும் மீனைப் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பின் வேலிப் பக்கம் பற்றை, கீரியும் கபரகொய்யாவும் வந்துபோகிற இடம்.

கிண்ணியாக் கூடு:
கோழிக்கூட்டில் சேர்க்காதீர்கள். தாரா தரையை ஈரமாக்கும், அந்த ஈரத்தில் கோழிக்கு இரத்தக் கழிச்சல் வரும். கோழி உயரத்தில் இருந்து எச்சமிடும், கீழே தூங்கும் தாராவின் முதுகில் விழும். அதைவிட முக்கியம், ஆண் தாரா பேட்டுக்கோழியை மிதிக்கும். அதன் உறுப்பு கோழிக்கு ஏற்றதல்ல, உள்ளே கிழித்துப் பேடு செத்தும் போகும். பகலில் ஒரே வளவில் மேய்வதென்றால் ஆண் தாராவுக்குத் தன் இனப் பெட்டைகள் போதிய அளவு இருக்க வேண்டும்.

நாலு தாராவுக்கு இரவுக்கூடு நாலடிக்கு நாலடி, உயரம் மூன்றடி. தாரா கொப்பில் ஏறாது, சட்டம் வேண்டாம். தரை சுற்றுப்புறத்தை விட ஓரடி உயரட்டும்: கிறவல் இறுக்கி, மேலே மணல், அதன்மேல் உமி நாலங்குலம். கார்த்திகை, மார்கழி மழையில் உங்கள் பக்க மணலும் நிரம்பித் தண்ணீர் மேலே வரும், அப்போது இந்த ஓரடிதான் காப்பாற்றும். சீமெந்துத் தரையில் விட்டால் பாதம் வெடித்துச் சீழ் கட்டும், நடுவில் கறுப்புப் பொருக்கு வரும், எளிதில் மாறாது.

வலை: கோழிக்கு அடிக்கும் அறுகோண மெல்லிய வலை நாய்க்குப் பல்லில் ஒரு இழுவை. அரை அங்குல வெல்ட் வலை போடுங்கள், குட்டிப் பாம்பு தவிர மற்றதெல்லாம் நிற்கும். வலையின் அடியை நேராகத் தாழ்ப்பதோடு வெளிப்பக்கமாக ஓரடி மடித்து மணலுக்குள் புதையுங்கள். தோண்டுகிற பிராணி சுவரோரமாகத்தான் தோண்டும், மடித்த வலையில் நகம் முட்டியதும் விட்டுவிடும். கீரியும் கபரகொய்யாவும் பகல் திருடர், மரநாய் இரவில் வரும், ஆகவே மேற்கூரையும் மூடியிருக்க வேண்டும். குஞ்சாக இருக்கும் வரை காகமே பெரிய எதிரி, மேலே வலை இல்லாமல் வெளியில் விடாதீர்கள். கதவுக்குக் கொளுக்கி மட்டும் போதாது, திருகாணி வளையமோ பூட்டோ வேண்டும்.

மழை வடகிழக்கில் இருந்து அடிப்பதால் அந்தப் பக்கம் தகரமோ கிடுகோ முழுதாக அடையுங்கள், தை முடியக் கழற்றிவிடலாம். தென்மேற்குப் பக்கம் கச்சான் நேரே சூடாக அடிக்கும், அங்கே மேல் பாதி வலையாக இருந்தாலும் ஒரு மர நிழல் தேவை.

காலையில் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். ஐந்தாறு மாதத்தில் முட்டை தொடங்கும். பெரும்பாலும் விடியற்புறத்தில் இடும், எட்டு மணிக்குப் பிறகு விட்டால் முட்டை கூட்டுக்குள் கிடைக்கும். முன்பே விட்டால் பற்றைக்குள் இட்டு உடும்புக்குத்தான் போகும்.

வாடைக்காற்று:
மீனுக்கு வருகிறேன். சந்தை வாசலில் கிடக்கும் குடலை அப்படியே போடுவது நம் ஊரில் எல்லோரும் செய்கிற காரியம், அது சரியில்லை. சாளை, சூடை வகைப் பச்சை மீனில் பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் இருக்கிறது, அவித்தால் அது போய்விடும். அழுகிய மீனிலும் அதில் நெளியும் புழுவிலும் பொட்டுலிசம் நஞ்சு சேரும். தின்ற தாராவுக்கு முதலில் கால் ஓயும், பிறகு சிறகு, கடைசியில் கழுத்தைத் தூக்க முடியாது, தண்ணீரில் இருந்தால் மூழ்கிவிடும். ஆகவே அன்றைய மீனை உப்பில்லாமல் அவித்து, முள்ளை நசுக்கி, மொத்தத் தீனில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் கொடுங்கள். மிஞ்சியதை மாலையில் அள்ளிப் புதையுங்கள். கருவாட்டுத் தூள் வேண்டவே வேண்டாம், உப்பு. மீன் கூடினால் முட்டையும் மீன் மணக்கும்.

கடலோர வளவுகளில் இன்னொன்று: பழைய வலையில் இருந்து உதிர்ந்த ஈயக்குண்டு. தாரா அதைக் கல்லென்று விழுங்கும், இரைப்பையில் அது அரைபட்டு உடம்பில் ஊறி, பச்சைக் கழிச்சலோடு மெலிந்து சாகும். வலை பின்னும் இடத்தில் மேய விடாதீர்கள். ஆணி, கம்பித் துண்டும் அப்படியே.

தீன் மூட்டையை மாரியில் பலகைமேல் வைத்து மூடுங்கள். பூஞ்சண நஞ்சு தாராக் குஞ்சைப் போல எளிதில் கொல்லும் பிராணி வேறு குறைவு. 1960இல் இங்கிலாந்தில் நிலக்கடலைப் புண்ணாக்கால் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் இறந்தபோது தாராக் குஞ்சுகளும் செத்தன, அதைத் தேடித்தான் அஃப்லாடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சையே கண்டுபிடித்தார்கள். கட்டி பிடித்த, பூஞ்சண மணம் வரும் தீனைக் காயவைத்துக் கொடுப்பதாலும் நஞ்சு போகாது. வீசிவிடுங்கள்.

தம்பலகாமம் வயல்:
அளவு ஒன்றைச் சேர்க்கிறேன். மூன்று கிழமைக்குப் பிறகு புரதம் குறைந்த வளர்ச்சித்தீனுக்கு மாறுங்கள். தீனில் புரதம் கூடினால் சிறகு நுனி வெளியே முறுகி நிற்கும். கண்டவுடன் சிறகை மடித்து இயல்பான நிலையில் துணியால் நாலைந்து நாள் கட்டினால் திரும்பும், எலும்பு முற்றினால் திரும்பாது. முட்டைத்தீன் முட்டை தொடங்கும்போதுதான், அதிலுள்ள சுண்ணாம்பு குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வளர்ந்த தாரா ஒன்றுக்கு நாளுக்கு 150 கிராம் வரை. கங்குன், பசளி, முருங்கையிலை நறுக்கித் தண்ணீரில் மிதக்க விட்டால் விரும்பித் தின்னும். பாண் கொடுக்காதீர்கள். மருந்தடித்த வயலில் பொறுக்கிய நத்தையும் வேண்டாம்.

உப்புவெளி வளவு:
எது ஆண், எது பெட்டை என்று எப்போது தெரியும்?

கிண்ணியாக் கூடு:
ஆறேழு கிழமையில் கையில் தூக்கிப் பாருங்கள், கத்தும். பலத்து "குவாக்" என்றால் பெட்டை, தொண்டை கட்டிய மாதிரிக் கரகரத்தால் ஆண். மூன்று நாலு மாதத்தில் ஆணின் வாலில் ஒன்றிரண்டு இறகு மேலே சுருளும். தூக்கும்போது காலைப் பிடிக்காதீர்கள், இரண்டு கையாலும் சிறகோடு உடம்பை அணைத்துத் தூக்குங்கள். நாலில் இரண்டு ஆணாக வந்தால் ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஓர் ஆணுக்கு நாலு ஐந்து பெட்டை இருந்தால் நல்லது, ஆண் கூடினால் பெட்டைகளின் பிடரி இறகு முழுக்க உரிந்துவிடும். முட்டைக்கு மட்டும் என்றால் ஆணே தேவையில்லை.