பர்மா லேவாதேவி ஆய்வுக்குச் சட்ட நூலகத்தில் எதைத் தேடுவது?

காரைக்குடி_ஆய்வாளர்:
வணக்கம். 1900 முதல் 1940 வரை பர்மாவில் லேவாதேவி நடத்திய நகரத்தார் (செட்டியார்) கடைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பேரேடு கேட்டுப் போன வீடுகளில் "எல்லாம் கரையான் அரிச்சிடுச்சு" என்கிறார்கள். மிச்சம் இருந்தாலும் காட்டத் தயங்குகிறார்கள். சட்டமும் வணிகமும் சேகரிக்கிற பல்கலைக்கழக நூலகங்களைப் பார்க்கச் சொல்கிறார் என் வழிகாட்டி. நான் வரலாறு படித்தவள். தீர்ப்புத் தொகுதிகள் வரிசையாக நிற்கின்றன, எதிலிருந்து தொடங்குவது?

சட்டநூலகர்_அக்கா:
தங்கச்சி, உங்கள் வழிகாட்டி சரியான இடத்தைத்தான் காட்டியிருக்கிறார். நான் சட்ட நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

வியாபாரியின் கணக்கு ஏன் கோர்ட்டுக்கு வந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். 1872 சாட்சியச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, தொழிலில் ஒழுங்காக எழுதிவந்த கணக்குப் புத்தகத்தை அன்று சான்றாகக் காட்ட முடிந்தது. ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவர் தலையில் கடனைக் கட்ட முடியவில்லை. வேறு சான்றும் வேண்டியிருந்தது. அதனால் பேரேட்டோடு கணக்குப்பிள்ளை, ஏஜெண்டு, கடிதக்கட்டு எல்லாம் கோர்ட்டுக்கு வந்தன. வட்டி எப்படிப் போட்டார்கள், ஏஜெண்டுக்கு எவ்வளவு அதிகாரம் இருந்தது, ஊரிலிருந்த முதலாளி என்ன எழுதினார் என்பதெல்லாம் குறுக்கு விசாரணையில்தான் வெளியே வரும்.

இது தீர்ப்புத் தொகுதியில் கிடைக்காது. நீங்கள் தேட வேண்டியது பேப்பர் புக், அதாவது மேல்முறையீட்டுக்காக அச்சடித்த வழக்குக் கட்டு. அன்று இறுதி மேல்முறையீட்டைக் கேட்ட லண்டன் பிரைவி கவுன்சில் வரை போன வழக்குகளின் அச்சுக் கட்டுகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் லிங்கன்ஸ் இன் என்ற வழக்கறிஞர் சங்கத்தின் நூலகத்திலும் இருக்கின்றன. இவற்றைப் பிரித்துப் பார்க்காமலே நகரத்தார் வரலாறு எழுதுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

தீர்ப்புத் தொகுதி அந்தக் கட்டுக்கு வழி காட்டும், அவ்வளவுதான். 1876இல் தொடங்கிய இந்தியன் லா ரிப்போர்ட்ஸின் மெட்ராஸ் வரிசையும் 1923இல் தொடங்கிய ரங்கூன் வரிசையும் முதலில் எடுங்கள். கடைகள் விலாச எழுத்துகளால், அதாவது முதலாளிகளின் பெயர்களின் முதலெழுத்துகளால், அறியப்பட்டவை என்பதால் அவற்றை வைத்தும் தேடுங்கள். 'செட்டியார்' என்பதை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதியிருப்பார்கள். ஒன்றை மட்டும் போட்டால் பாதி வழக்குகள் கண்ணில் படாது.

பொருளியல்_மாணவன்:
வணிகப் பகுதியையும் விட்டுவிடாதீர்கள். 1929–30இல் வேலை செய்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகளும் 75 கோடி ரூபாய் மூலதனமும் இருந்ததாக மதிப்பிட்டது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை. நிலம் கடைகள் கைக்கு வந்தது. 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார்களின் நிலப் பங்கு 1937இல் 25 சதவீதம். அந்த ஆண்டுகளின் வழக்குகளை முதலில் எடுங்கள். சென்னை மாகாணத்துக்கான வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கையோடு நிற்காமல், சாட்சியத் தொகுதிகளையும் கேட்டு வாங்குங்கள்.

காரைக்குடி_ஆய்வாளர்:
மிக்க நன்றி. லண்டன் போக உதவித்தொகை இல்லை. இங்கிருந்தே என்ன செய்யலாம், அக்கா?

சட்டநூலகர்_அக்கா:
நிறையச் செய்யலாம். பிரைவி கவுன்சில் தீர்ப்புகள் பிரிட்டிஷ், ஐரிஷ் தீர்ப்புகளைத் தரும் பெய்லி (BAILII) இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே வழக்கின் பெயர், ஆண்டு, மேல்முறையீட்டு எண் மூன்றையும் குறித்துக்கொண்டு, அந்த ஒரு கட்டுக்கு மட்டும் நகல் கிடைக்குமா என்று நூலகத்துக்கு எழுதுங்கள். பொதுவாகக் கேட்டால் பதில் வர நாளாகும்.

அப்புறம் ஒன்று. கோர்ட்டுக்கு வந்தவை சண்டை போட்ட கடைகள் மட்டுமே. தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டவர்கள் இந்தக் கட்டுகளில் இருக்க மாட்டார்கள். ஆய்வின் முதல் அத்தியாயத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள். முதல் வழக்கு எண் கிடைத்ததும் இங்கே போடுங்கள், அந்தக் கட்டில் எதைப் படிப்பது, எதை விடுவது என்று சேர்ந்து பார்க்கலாம்.