தாத்தா புத்தகத்துக்கு லேபிள்

*சோழவந்தான் வீடு* (குழு)

கலா அத்தை: ஞாயிறு அப்பாவுக்கு வருஷத் திதி. எட்டு மணிக்குள் எல்லாரும் வந்துவிடுங்கள். புத்தக அலமாரி நாலும் அன்றைக்கே காலியாக வேண்டும், திங்கள்கிழமை கொத்தனார் வருகிறார். புத்தகங்களை ஊர் லைப்ரரியில் வாங்கிக்கொள்கிறார்களாம்.

கார்த்தி: அத்தை, கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் தாத்தா பேரோடு படம் போட்ட லேபிள் ஒட்டலாமா? நான் வரைகிறேன்.

பாண்டி மாமா: நோட்டுக்கு அட்டை போட்டு ஒட்டுவோமே, அதுவா

முருகேசன் சித்தப்பா: நல்ல யோசனை கார்த்தி. இது ரொம்பப் பழைய வழக்கம். ஜெர்மனியில் 1480 வாக்கில் ஹில்ப்ராண்ட் பிராண்டன்பர்க் என்பவர் பக்ஸ்ஹைம் மடத்துக்குத் தன் புத்தகங்களைக் கொடுத்தார். ஒரு தேவதை கேடயத்தைப் பிடித்திருக்கிற மாதிரி மரக்கட்டையில் செதுக்கி, தாளில் அச்செடுத்து, கையால் வர்ணம் பூசி அந்தப் புத்தகங்களில் ஒட்டியிருக்கிறார்கள், கேடயத்தில் ஒரு காளை. நம் ஏட்டுச்சுவடியிலும் முடிகிற இடத்தில் யாருடைய ஏடு, எழுதியது யார், எந்த வருஷம் எந்த மாதம் என்று எழுதி வைத்த ஏடுகள் உண்டு. ஆகவே நாமும் அட்டையின் உள்பக்கம்

தேவி: அப்பா தோசை ஆறுது

செல்வி அக்கா: காளையே போடு கார்த்தி! அலங்காநல்லூர் பக்கத்தில்தானே இருக்கிறோம்

கலா அத்தை: உங்கள் தாத்தா மாட்டைக் கண்டால் திண்ணையில் ஏறி நிற்கிற ஆள்.

கார்த்தி: 😂 அப்போ வெற்றிலைக் கொடி

அம்மா: திதிக்கு வெற்றிலை பாக்கு யார் வாங்குவது? போன தடவை மாதிரி வாடினதை வாங்கி வராதீர்கள்.

பாண்டி மாமா: எதற்கு வீண் செலவு. ரப்பர் ஸ்டாம்பு குத்தினால் போதும்.

முருகேசன் சித்தப்பா: ஸ்டாம்பு மை மறுபக்கம் ஊறும் மச்சான். அதுவும் போக, ஸ்டாம்பு இருக்கிற தாளையே கிழித்துவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

பாண்டி மாமா: யாரைச் சொல்கிறீர்கள்

முருகேசன் சித்தப்பா: பொதுவாகச் சொன்னேன்

தேவி: தாத்தா 33-ஆம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார், யாருக்காவது தெரியுமா? அடியில், தையல் ஓரமாக, பென்சிலில் எறும்பு அளவுக்கு. லைப்ரரிகளில் ரகசியப் பக்கம் என்று ஒரு பக்கத்தை வைத்து ஸ்டாம்பு குத்துவார்கள் இல்லையா, அதைப் பார்த்துதான் ஆரம்பித்தாராம்.

கார்த்தி: இத்தனை நாள் சொல்லவே இல்லையே!!

தேவி: கலா அத்தை, உங்கள் ஷோகேஸில் முதல் தாள் இல்லாத பச்சை அட்டை அகராதி ஒன்று இருக்குமே

பாண்டி மாமா: பந்திக்கு எத்தனை இலை? சமையல்காரர் ரெண்டு தடவை போன் பண்ணிவிட்டார்

கலா அத்தை: எடுத்துப் பார்த்துவிட்டேன். 33-இல் இருக்கிறது.

செல்வி அக்கா: 🙊🙊

அம்மா: விடுங்க மதினி. மாமாவே ஒரு நாளும் கேட்டதில்லை.

முருகேசன் சித்தப்பா: மாப்பிள்ளையிடம் எப்படி வாய் திறந்து கேட்பார் மதினி? ட்யூரர் என்ற பெரிய ஓவியர், 1500-ஐ ஒட்டி, தன் சிநேகிதர் பிர்க்ஹைமருக்குப் போட்டுக் கொடுத்த புத்தக முத்திரையில் ‘தனக்கும் தன் நண்பர்களுக்கும்’ என்று லத்தீனில் இருக்கும். மாப்பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் இல்லை.

பாண்டி மாமா: 🚫 இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

கார்த்தி: சரி சரி. எதை வைத்து ஒட்டுவது? செலோடேப் வேண்டாம், மஞ்சளாகிப் பிசுபிசுக்கும்.

முருகேசன் சித்தப்பா: மைதாப் பசை. வெறும் மைதா என்றால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி. பைண்டிங்காரர்கள் மயில்துத்தம் கொஞ்சம் கலப்பார்கள்.

அம்மா: துத்தம் விஷம் தம்பி. என் பால் குண்டானில் காய்ச்ச விடமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

பாண்டி மாமா: அகராதியைக் கொண்டு வருகிறேன். லேபிள் ஒட்டிவிட்டு என்னிடமே கொடுக்க வேண்டும். தினமும் பார்க்கிற புத்தகம்.

தேவி: அதெப்படி மாமா, லைப்ரரிக்கு என்றுதானே பேச்சு

செல்வி அக்கா: எனக்கும் ரெண்டு வேண்டும், இப்போதே சொல்லி வைக்கிறேன்

கார்த்தி: யாராவது மொத்தம் எத்தனை புத்தகம் என்று எண்ணிச் சொன்னால்தானே நான் அச்சுக்குக் கொடுக்க முடியும்

கலா அத்தை: அதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். இலை 60 சொல்லியாச்சு.