பொருள்: ‘ஃப்ரீஸ்’ – உறைவா, மடையடைப்பா?

வணக்கம் ஐயா. மென்பொருள் வெளியீட்டுக்கு முன் புதிய மாற்றங்கள் உள்ளே வருவதைப் படிப்படியாக நிறுத்தும் ‘ஃப்ரீஸ்’ (freeze) காலத்துக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்பது பற்றி உங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

> ‘உறைவு’ போதும். சுருக்கமாக இருக்கிறது, எல்லோருக்கும் புரியும்.

சுருக்கம்தான், ஆனால் நடப்பதை அது சொல்லவில்லையே. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12-ஆம் பதிப்பைப் பாருங்கள். 2023 ஜனவரி 12-இல் அடிப்படை நூலகங்களின் பெரிய மாற்றங்களை நிறுத்தினார்கள். பிப்ரவரி 12 முதல் புதிய பொதிகளுக்கு (மென்பொருள் தொகுப்புகளுக்கு) இடமில்லை. மார்ச் 12-க்குப் பின் முக்கியப் பொதிகளுக்கு வெளியீட்டுக் குழுவின் அனுமதி வேண்டும். மே 24-இலிருந்து எல்லாவற்றுக்கும். ஜூன் 10-இல் வெளியீடு. இத்தனை மாதமும் வழு திருத்தும் வேலை மும்முரமாக ஓடுகிறது. உறைந்து கிடப்பது எதுவுமில்லை.

அதுவும் இந்த மாதங்களில் பெரும்பகுதி வட அமெரிக்காவில், ஐரோப்பாவில் பனி உருகும் காலம். பெரிய கோப்புகளை நிர்வகிக்கும் கிட்-அனெக்ஸ் என்ற மென்பொருளை 2010-இல் தொடங்கிய ஜோயி ஹெஸ், டெபியனைக் கணினியில் நிறுவும் நிரலிலும் நிறைய உழைத்தவர். 2014-இல் டெபியனை விட்டு விலகினார். அமெரிக்கக் கிராமப்புறத்தில் சூரியத் தகட்டு மின்சாரத்தில் வாழ்ந்துகொண்டே நிரல் எழுதுபவர். இப்படி வாழ்பவருக்குக் குளிர்காலத்தில் பகல் குறுகும், மின்கலம் சீக்கிரம் இறங்கும், கணினியை அளந்துதான் திறக்க வேண்டும். வசந்தம் வந்து பகல் நீண்டால்தான் மின்சாரக் கவலை இல்லாமல் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். கைக்கு வேலை கூடும் அந்தப் பருவத்துக்கு ‘உறைவு’ என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

என் பரிந்துரை ‘மடையடைப்பு’. அறுவடைக்கு முன் நெல் வயலுக்கு வரும் தண்ணீரை நிறுத்துகிறோம். கதிர் முற்றுவது நிற்பதில்லை, வரத்து மட்டும்தான் நிற்கிறது. விதிவிலக்காக ஒரு பொதியை உள்ளே விடுவதற்கு ‘மடைதிறப்பு’ என்ற சொல்லும் கூடவே கிடைத்துவிடுகிறது.

---

> கடைசிக் கட்டத்தை ‘முழு அடைப்பு’ என்பீர்களா? கடையடைப்பு, பந்த் என்றல்லவா படிப்பார்கள்? மடையைப் பார்க்காத பிள்ளைகளும் இருக்கிறார்களே.

முதல் கேள்வி நியாயம். அதனால்தான் ‘மடை’யை எந்தக் கட்டத்திலும் விடக்கூடாது: தொடக்க மடையடைப்பு, இளக்கமான மடையடைப்பு, இறுக்கமான மடையடைப்பு, முழு மடையடைப்பு. கொஞ்சம் நீளம்தான், குழப்பம் இல்லை.

இரண்டாவதற்கு: பனி உறைவதைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள் நம்மிடம் அதைவிடக் குறைவு. ‘மடை திறந்த வெள்ளம்’ என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது. சொல் முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் போட்டால் போதும்.

வேறு மறுப்பு இல்லையென்றால் அடுத்த வெளியீட்டுக் குறிப்பின் மொழிபெயர்ப்பில் இதையே வைக்கிறேன். ‘இளக்கமான’ என்பதற்கு இன்னும் சிறிய சொல் யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.