விற்றதைவிட வசூல் அதிகமாகக் காட்டுகிறது: வாடகைத் தொழிலுக்கு எந்த ரிப்போர்ட்டைப் பார்ப்பது?

வாடகைக்கடை

வணக்கம். கேமரா, லைட், ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறேன். போன வருடம் வரை நோட்டுதான். இப்போது வாடகைத் தொழிலுக்கென்றே இருக்கும் ஒரு மென்பொருளில் புக்கிங், பில், டெபாசிட் எல்லாம் போடுகிறோம். ரிப்போர்ட் பக்கத்தைத் திறந்தால் இருபதுக்கு மேல் இருக்கிறது. எதை எடுப்பது என்று தெரியாமல் மாதக் கடைசியில் மூன்று கணக்கை எடுத்து வைத்தேன்:

விற்பனை ரிப்போர்ட்: 2,40,000
பண வரவு ரிப்போர்ட்: 2,86,000
பேங்க் ஸ்டேட்மென்டில் வரவு: 2,56,000

மூன்றும் ஒரே மாதம்தான். (புரிவதற்காகத் தொகைகளை முழு எண்ணாக மாற்றியிருக்கிறேன்.) விற்றதைவிட வந்தது எப்படி அதிகமாகும்? மென்பொருளில் கோளாறா, நான்தான் தப்பாக எடுத்தேனா? ஆடிட்டருக்கு எதை அனுப்புவது? பார்ட்னர் "நீ எதையோ இரண்டு தடவை போட்டிருக்கிறாய்" என்கிறார். இரண்டு நாளாக ஆர்டர் ஆர்டராகத் திறந்து பார்த்ததில் கண் பூத்ததுதான் மிச்சம்.

கல்லாப்பெட்டி

பேங்கில் வந்ததுதான் வருமானம், மற்றதெல்லாம் வெறும் எழுத்து. ஐந்து வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பேரேடு

டெபாசிட் வாங்காத கடையில் ஓடலாம். டெபாசிட் வாங்கினால், திருப்பித் தர வேண்டிய பணத்துக்கு நீங்களே வரி கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

வாடகைக்கடை, கோளாறாக இருக்காது என்றுதான் தோன்றுகிறது. மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். விற்பனை ரிப்போர்ட்டின் ஃபில்டரில் எந்தத் தேதி இருக்கிறது: ஆர்டர் போட்ட தேதியா, பொருள் வெளியே போன தேதியா, பில் தேதியா? பண வரவில் டெபாசிட்டும் சேருகிறதா? கல்லாவில் ரொக்கம் எவ்வளவு நிற்கிறது?

வாடகைக்கடை

பார்த்தேன். ஃபில்டரில் "உருவாக்கிய தேதி" என்று இருக்கிறது, நான் அதைத் தொடவே இல்லை. டெபாசிட் தனி வரியாக வருகிறது, ஆனால் மொத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. வாங்கியது 90,000, திருப்பியது 30,000. பேங்கில் போடாமல் கல்லாவில் இருக்கும் ரொக்கம் 21,000.

பேரேடு

சரி, பாதி விஷயம் இதிலேயே வந்துவிட்டது. ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம்.

28ஆம் தேதி ஒருவர் போனில் புக் செய்கிறார். வாடகை 9,000. அன்றைக்கே அட்வான்ஸ் 3,000 அனுப்புகிறார். அடுத்த மாதம் 3ஆம் தேதி வந்து பாக்கி 6,000, டெபாசிட் 5,000 கட்டிப் பொருளை எடுத்துப் போகிறார். 5ஆம் தேதி திருப்பிக் கொடுத்து டெபாசிட்டை வாங்கிக்கொள்கிறார்.

"உருவாக்கிய தேதி" வைத்த விற்பனை ரிப்போர்ட்டில் இந்த மாதம் 9,000, அடுத்த மாதம் ஒன்றுமில்லை. பண வரவில் இந்த மாதம் 3,000. அடுத்த மாதம் 11,000 வந்து 5,000 போகிறது, நிகரம் 6,000. இரண்டு மாதத்தையும் கூட்டினால் இரண்டு ரிப்போர்ட்டிலும் 9,000தான். தனித்தனி மாதமாகப் பார்த்தால் எந்த மாதமும் ஒட்டாது. மளிகைக் கடையில் விற்பதும் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும். வாடகையில் புக்கிங், அட்வான்ஸ், டெலிவரி, ரிட்டர்ன் எல்லாம் வெவ்வேறு நாளில் நடக்கிறது. அதனால் ரிப்போர்ட்டின் பெயரைவிட அது எந்தத் தேதியில் ஒரு ஆர்டரை உட்கார வைக்கிறது என்பதுதான் முக்கியம். பெயரைப் பார்த்து எடுத்தால் இப்படித்தான் கண் பூக்கும்.

ஆடிட்டருக்கு என்று கேட்டீர்கள். வருமானத்தை உரிய காலத்தில் காட்டும் முறையில் கணக்கு வைத்தால், பொருள் வாடிக்கையாளரிடம் இருந்த நாட்கள்தான் கணக்கு. 2019 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற சர்வதேசக் கணக்கு விதியும் இப்படி வாடகைக்கு விடுபவர் அந்த வருமானத்தைப் பொதுவாகக் குத்தகைக் காலத்துக்குச் சீராகப் பிரித்துக் காட்டச் சொல்கிறது. பத்து நாள் வாடகையில் நான்கு நாள் இந்த மாதம், ஆறு நாள் அடுத்த மாதம் என்றால் பத்தில் நான்கு பங்குதான் இந்த மாத வருமானம். அட்வான்ஸ் அதுவரை கடன் பக்கத்தில் நிற்கும். பணம் வந்தபோது மட்டும் எழுதும் முறை என்றால் கதை வேறு. நீங்கள் எந்த முறை என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அது தெரியாமல் ரிப்போர்ட் தேடுவது வீண் வேலை.

இப்போது ஒன்று செய்யுங்கள். விற்பனையில் ஆரம்பித்து பண வரவு வரைக்கும், அங்கிருந்து பேங்க் வரைக்கும், ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் ஒரு வரி எழுதிக்கொண்டே போங்கள். நிலுவை ரிப்போர்ட்டும், கார்டு பணம் வாங்கித் தரும் கேட்வேயின் பட்டுவாடா ரிப்போர்ட்டும் தேவைப்படும்.

நாற்காலி மேசை

ஒரு குறுக்கீடு. டெபாசிட்டுக்குக் கார்டில் தொகையை நிறுத்தி மட்டும் வைக்கிறீர்களா, உண்மையிலேயே எடுக்கிறீர்களா? நிறுத்தி வைத்தது வரவே இல்லை, சில நாளில் தானாகக் கழன்றுவிடும். எங்கள் பையன் அதையெல்லாம் "வாங்கியாச்சு" என்று போட்டு, திரும்ப விடும்போது "ரீஃபண்ட்" என்று போட்டான். வராத பணம் வந்து, போகாத பணம் போய், நான் கேட்வேக்காரர்களோடு சண்டையே போட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது தப்பு என் கடையில் என்று.

வாடகைக்கடை

இல்லை, நாங்கள் முழுதாக வாங்கி முழுதாகத் திருப்புகிறோம். பேரேடு சொன்னபடி நேற்று இரவு உட்கார்ந்தேன். ஆச்சரியம், டேலி ஆகிவிட்டது!

விற்பனை ரிப்போர்ட் 2,40,000
கழித்தது: இந்த மாத ஆர்டர்களில் இன்னும் வராத பாக்கி 62,000
கூட்டியது: பழைய மாத ஆர்டர்களுக்கு இப்போது வந்தது 48,000
கூட்டியது: டெபாசிட் நிகரம் 60,000
பண வரவு 2,86,000

அங்கிருந்து பேங்க்:
கழித்தது: கல்லா ரொக்கம் 21,000
கழித்தது: கேட்வே பிடித்த கட்டணம் 3,400
கழித்தது: மாதக் கடைசி இரண்டு நாள் கார்டு வசூல், பேங்குக்கு இன்னும் வராதது 14,600
கூட்டியது: போன மாதக் கடைசி வசூல், இந்த மாதம் வந்து சேர்ந்தது 9,000
பேங்க் 2,56,000

ஒரு சந்தேகம். இந்த 3,400 எங்குமே செலவாகக் காட்டவில்லை, பேங்கில் கழித்துத்தான் வருகிறது.

பேரேடு

அதைச் செலவாகப் போட வேண்டும். பேங்க் வரவை மட்டும் பார்ப்பவர்கள் விற்பனையையும் குறைத்து, செலவையும் மறைத்துவிடுகிறார்கள். (கல்லாப்பெட்டி கோபிக்க வேண்டாம்.) வாடிக்கையாளரிடம் வாங்கிய வரியும் அப்படித்தான். உங்கள் 2,40,000இல் வரி சேர்ந்திருந்தால் அதையும் பிரித்துக் காட்டும் ரிப்போர்ட்டை எடுங்கள், அது உங்கள் காசு இல்லை.

டெபாசிட்டில் இன்னொரு சோதனை இருக்கிறது. கையில் இருக்கும் டெபாசிட் மொத்தம் எவ்வளவு என்று ரிப்போர்ட் சொல்லும். இப்போது வெளியே இருக்கும் பொருட்களுக்கு வாங்கிய டெபாசிட்டைத் தனியாகக் கூட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஸ்பீக்கர் செட்

இழையைக் கொஞ்சம் திருப்புகிறேன். எந்தப் பொருள் சம்பாதிக்கிறது என்று பார்க்க இந்த மூன்றுமே உதவாது. பொருள்வாரி ரிப்போர்ட்டும், எத்தனை நாள் வெளியே போனது என்ற கணக்கும் வேண்டும். 30 நாளில் 4 நாள் ரிப்பேரில் கிடந்து 13 நாள் வெளியே போயிருந்தால் 26க்கு 13, அதாவது 50 சதவீதம். ரிப்பேர் நாளைக் கழிக்காவிட்டால் 43 என்று காட்டும், நல்ல பொருளை மந்தமானது என்று நினைத்து விற்றுவிடுவீர்கள். பேக்கேஜாகக் கொடுத்தால் தள்ளுபடியை எந்தப் பொருளின் தலையில் போடுகிறது என்பதையும் பாருங்கள். எங்களுடையதில் ஸ்டாண்டுக்கு வாடகை பூஜ்யம் என்று வந்தது, ஆறு மாதம் அதைக் கவனிக்கவே இல்லை.

வாடகைக்கடை

டெபாசிட் பார்த்தேன். ரிப்போர்ட்டில் 1,12,500. வெளியே இருக்கும் பொருட்களுக்கு 1,08,000. 4,500 இடிக்கிறது. பொருள் திரும்பிவிட்ட ஆர்டர்களில் டெபாசிட் மீதி பூஜ்யமாகாதவை எவை என்று தேடினேன், மூன்று வந்தது. ட்ரைபாட் கால் உடைந்ததற்கு 2,000, ஒரு நாள் தாமதத்துக்கு 1,500, லென்ஸ் மூடி தொலைந்ததற்கு 1,000. மூன்றிலும் டெபாசிட்டில் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்திருக்கிறோம், பில் போடவில்லை. விற்பனையிலும் இல்லை, பண வரவில் புதிதாகவும் வரவில்லை, டெபாசிட்டிலேயே உறங்கிக்கொண்டிருக்கிறது.

பேரேடு

சேதம், தாமதம் என்று தனித்தனி வரியாகப் பில் போட்டு, அந்தப் பில்லுக்கு டெபாசிட்டிலிருந்து கட்டியதாகப் பதிவு செய்யுங்கள். ரிட்டர்ன் வாங்கும் பையனிடமே இதைச் சொல்லிவிடுங்கள், மாதக் கடைசிக்குத் தள்ளினால் யார் காலை உடைத்தார்கள் என்பதே மறந்துவிடும்.

வாடகைக்கடை

மூன்றுக்கும் பில் போட்டாயிற்று, 1,08,000க்கு வந்துவிட்டது. ஆடிட்டரிடமும் கேட்டேன். வாடகை நாட்கள்படி பிரித்த வருமான ரிப்போர்ட், டெபாசிட் இருப்பு, நிலுவை, கேட்வே பட்டுவாடா, இந்த நான்கும் போதும் என்றார். "உருவாக்கிய தேதி" விற்பனை ரிப்போர்ட்டை இந்த மாதம் எத்தனை புக்கிங் பிடித்தோம் என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறேன்.

பார்ட்னரிடம் எல்லாவற்றையும் விரித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, ஒரு மூடிக்கு ஆயிரம் ஏன் பிடித்தாய்?" என்கிறார்.